நாற்பது கிலோ பால்கோவா

"உங்க சித்தப்பா கடையில நாப்பது கிலோ புடிச்சிட்டாங்களாமே?"

ராஜபாளையத்தில் நான் வேலை பார்க்கும் மில் ஆபீஸில் அன்று காலை என் டேபிளுக்கு வந்த முதல் தபால் இதுதான். கேட்டவர் சீனியர் அக்கவுண்டன்ட். அவர் கேட்ட தோரணையில், அதில் ரெண்டு கிலோவை நான் டிராயருக்குள் பதுக்கி வைத்திருப்பது போல ஒரு சந்தேகம் தெரிந்தது. போன தீபாவளிக்கு அதே கடைப் பால்கோவாவை ஓசியில் வாங்கி, விரலைக்கூடச் சூப்பிய மனுஷர்!

2024 ஜூலை 18, வியாழக்கிழமை. பேப்பரைப் பிடுங்கிப் பார்த்தேன். மாவட்டச் செய்திகள் பக்கம். 'மகாராஜபுரம் விலக்கில் கெட்டுப்போன பால்கோவா 40 கிலோ பறிமுதல் - கடைக்கு சீல்.' கடையின் பெயர் இல்லை. பெயர் எதற்கு? விலக்கில் பால்கோவாக் கடை ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் சித்தப்பாவுடையது.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா உங்களுக்குத் தெரியும். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கியது. எங்கள் மகாராஜபுரத்தை உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. வத்திராயிருப்புப் பக்கம், மலையடிவாரத்தில் இருக்கிறது. சதுரகிரி சுந்தர மகாலிங்கத்தைப் பார்க்கத் தாணிப்பாறைக்குப் போகிறவர்கள் எங்கள் ஊர் வழியாகப் போவார்கள். மாதத்துக்கு ஒரு அமாவாசை, ஒரு பௌர்ணமி. அந்த நாட்களில்தான் சித்தப்பாவின் கல்லா கொஞ்சம் சத்தம் போடும். ஆடி அமாவாசை வந்தால் முழங்கும். அந்த வருஷ ஆடி அமாவாசை ஆகஸ்ட் 4. நடுவில் பதினேழே நாள்.

அரை நாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினேன். கடை திறந்திருந்தது. சீல் ஏது, அரக்கு ஏது! அடுப்புக்கூட எரிந்துகொண்டிருந்தது. சித்தப்பா பெஞ்சில் பேப்பர் கட்டு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன சித்தப்பா இது?"

"இருபத்திமூணு பேப்பர்டா. வத்திராப்பு பஸ் ஸ்டாண்டுல, நம்ம ஊருல, கெடச்சதை எல்லாம் வாங்கிட்டேன். யாரும் படிக்கக் கூடாதுல்ல!"

தன்னைப் பற்றித் தப்பாக எழுதிய பேப்பருக்கு இவ்வளவு விற்பனை செய்து கொடுத்த மகானுபாவர் வேறு யாராவது இருந்தால் எனக்குத் தெரிவியுங்கள்.

நடந்தது இவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் வந்தார்கள். சட்டப்படி ஒரு மாதிரி எடுத்து, நாலு பாகமாகப் பிரித்து, சீல் வைத்தார்கள். (சீல் வைத்தது அந்தப் பாக்கெட்டுக்கு!) அதைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். தட்டில் வைத்து விற்கிற இனிப்புக்கு 'இந்தத் தேதிக்குள் சாப்பிடவும்' என்று அட்டை வைக்க வேண்டும். 2020 அக்டோபரிலிருந்து அது விதி. சித்தப்பா வைக்கவில்லை. அதற்கு ஒரு நோட்டீஸ் கொடுத்தார்கள். காகிதம் எல்லாம் கல்லாவுக்குள்ளேயே இருந்தது. பறிமுதல் என்று ஒரு கிராம்கூடக் கிடையாது.

அக்கவுண்ட்ஸ்காரன் இல்லையா, பால் நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஆறு வீட்டுப் பால், நாள் ஒன்றுக்கு அறுபது லிட்டர். பத்து லிட்டருக்கு ஒன்றேகால் கிலோ சர்க்கரை போட்டுக் கிண்டினால் மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும் என்பது சித்தப்பா கணக்கு. அறுபது லிட்டருக்கு இருபது கிலோ வந்தாலே பெரிசு. அன்றன்றைக்குப் போட்டு அன்றன்றைக்கு விற்கிற கடையில் நாற்பது கிலோ கெட்டுப்போக வேண்டுமானால், பசு மாடெல்லாம் ஓவர்டைம் பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் கணக்கு யாருக்கு வேண்டும்? அன்று சாயந்திரம் சித்தப்பா வாங்கியது இருபது லிட்டர். மிச்சப் பாலைத் திருப்பி அனுப்பினார். கடனுக்கு மாடு வாங்கியிருந்த ஒரு அக்கா தூக்குவாளியை இறக்கி வைக்காமல் இடுப்பிலேயே வைத்துக்கொண்டு, "அண்ணே, பத்திரிகைக்காரவுக எழுதுனதுக்கு எம் மாடு என்னண்ணே செய்யும்?" என்று கேட்டது. சித்தப்பா பதில் சொல்லாமல் கரண்டியைக் கழுவப் போய்விட்டார். ஏற்கெனவே கழுவி வைத்த கரண்டி அது.

ராத்திரி சித்தப்பா ஒரு கடிதம் எழுதினார். ஏழு பக்கம். முதல் பக்கத்தில் திருவள்ளுவர், இரண்டாவதில் கண்ணகி, மூன்றாவதில் எங்கள் தாத்தா அடுப்பு மூட்டிய வரலாறு. நாலாவது பக்கத்திலிருந்து நிருபரின் குலம், கோத்திரம். கடைசியில், ஒரு கோடி ரூபாய் மானநஷ்ட வழக்கு. நாற்பது கிலோ என்கிற விஷயம் ஆறாவது பக்கத்தில் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தது.

"அனுப்புடா இதை!"

"வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு அனுப்புவோம் சித்தப்பா" என்று தப்பித்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் என்னோடு படித்த நண்பன் ஒருவன் வக்கீல். "அவதூறுதானே, ஐந்நூறாவது செக்ஷன்ல போட்டுத் தாக்கிரலாம்" என்று ஆரம்பித்தவன், நாக்கைக் கடித்துக்கொண்டான். அந்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்துதான் இந்திய தண்டனைச் சட்டமே போய் புதுச் சட்டம் வந்திருந்தது. அவதூறு இப்போது 356. பதினெட்டு நாளாக அவனுக்கு வாய் பழகவில்லையாம். "சரி, ஒரு கோடி நஷ்டஈடுன்னா, நூத்துக்கு மூணு வீதம் கோர்ட் ஃபீஸே மூணு லட்சம் கட்டணும். சித்தப்பா கட்டுவாரா?"

சித்தப்பா கட்டுகிற ஒரே விஷயம் வேஷ்டி.

"பாலு விஷயத்துல கோர்ட்டுக்குப் போனவுக இல்லையா?" என்று சித்தப்பா விடவில்லை. போனார்கள். 2017 மே மாதம், தனியார் பாலில் ரசாயனம் கலக்கிறார்கள் என்று அப்போதைய பால்வளத் துறை அமைச்சர் பேச, தமிழ்நாடு முழுக்கப் பேப்பரிலும் டி.வி.யிலும் அதே பேச்சு. அவரும் எங்கள் மாவட்டத்துக்காரர்தான். மூன்று தனியார் பால் கம்பெனிகள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், ஆதாரம் இல்லாமல் அப்படிப் பேசக் கூடாது என்று ஜூலையில் இடைக்காலத் தடை வாங்கின. சரிதான். ஆனால் அவர்களுக்கு வக்கீல்களை வைத்துக்கொள்ள வசதி உண்டு. சித்தப்பாவுக்கு என்னை விட்டால் யாரும் கிடையாது.

வக்கீல் சொன்ன உருப்படியான யோசனை வேறு. "முதல்ல ஆசிரியருக்கு எழுது. நிருபருக்கு இல்ல. என்ன வரி தப்பு, எது சரி, என்ன ஆதாரம்... ஒரு பக்கத்துக்குள்ள. அவங்க கண்டுக்கலேன்னா பிரஸ் கவுன்சில் இருக்கு. ஆனா ஆசிரியருக்கு எழுதின காப்பி இல்லாம அங்க போக முடியாது. தினப் பத்திரிகைன்னா ரெண்டு மாசத்துக்குள்ள போகணும். அவங்களும் அபராதம் எல்லாம் போட முடியாது. எச்சரிக்கலாம், கண்டிக்கலாம், அவ்வளவுதான்."

ஆசிரியர் யார்? தினமும் பேப்பர் படிக்கிறோமே, அந்தப் பெயரை என்றைக்காவது பார்த்திருக்கிறோமா? கடைசிப் பக்கத்தின் அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி இருக்கிறது பாருங்கள், அங்கே இருக்கிறது. அச்சிடுபவர், வெளியிடுபவர் பெயரைப் போட்டே ஆகவேண்டும் என்பது 1867-ல் வெள்ளைக்காரன் போட்ட சட்டம். அதற்குப் பதிலாக 2023-ல் புதுச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் எழுத்து மட்டும் பெரிசாகவே இல்லை.

எழுத உட்காருவதற்கு முன் அந்த ஏரியா நிருபரைப் போய்ப் பார்த்தேன். சண்டைக்கு இல்லை, சத்தியமாக! நாற்பது கிலோ எங்கிருந்து முளைத்தது என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. என்னை விடச் சின்னப் பையன். பைக்கில் பெட்ரோல் இல்லாமல் தள்ளிக்கொண்டு வந்தான். செல்போனை நீட்டினான். அவன் அனுப்பிய செய்தி அதில் இருந்தது. மகாராஜபுரம் விலக்கில் மாதிரி எடுத்தது, நோட்டீஸ் கொடுத்தது - ஒரு பாரா. அதே நாளில் வேறொரு ஊரில் ஒரு குடோனில் நாற்பது கிலோ கெட்டுப்போன இனிப்பை அழித்து சீல் வைத்தது - அடுத்த பாரா. அவன் எழுதியது எல்லாம் சரி. ராத்திரி பக்கத்தில் இடம் போதவில்லை. டெஸ்க்கில் யாரோ நடுவில் நாலு வரியை வெட்டியிருக்கிறார்கள். மேலே இருந்த எங்கள் ஊரும் கீழே இருந்த நாற்பது கிலோவும் கல்யாணம் ஆகாமலே ஒட்டிக்கொண்டன!

"சார், நீங்க எழுதுங்க. ஆனா நான் காட்டினேன்னு எழுதிராதீங்க" என்றான். எழுதவில்லை. இப்போதும் அவன் பெயரைச் சொல்லப் போவதில்லை.

சித்தப்பாவின் ஏழு பக்கத்தை அரைப் பக்கமாக்கினேன். இதில்தான் எங்களுக்குள் சண்டை. அட்டை வைக்காததற்கு நோட்டீஸ் வந்தது நிஜம் என்பதையும் நான் கடிதத்தில் எழுதியிருந்தேன்.

"நம்ம தப்பை நாமளே ஏன்டா சொல்லணும்? எவன் பக்கத்துல நிக்கறே நீ?"

"அது செய்தியிலயே வந்திருக்கு சித்தப்பா. அதையும் சேர்த்து மறுத்தோம்னா, மத்த மூணு தப்பையும் நம்ப மாட்டாங்க."

மூன்றே மூன்றுதான் கேட்டோம். கெட்டுப்போனது என்று எந்த அதிகாரியும் சொல்லவில்லை. நாற்பது கிலோ எங்கள் கடையில் எடுத்தது இல்லை. கடைக்கு சீல் வைக்கவில்லை. மாதிரி எடுத்த ரசீது, நோட்டீஸ் இரண்டுக்கும் ஜெராக்ஸ். பரிசோதனை ரிசல்ட் வரட்டும், அதையும் சேர்த்து அனுப்பலாம் என்றார் சித்தப்பா. அது வரப் பதினாலு நாள் ஆகும், அதற்குள் அமாவாசை வந்துவிடும் என்றேன். வெள்ளிக்கிழமையே ஈ-மெயிலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்பிவிட்டோம். கண்ணகியை வெட்டியதற்கு அவர் என்னை இன்னும் மன்னிக்கவில்லை.

திங்கட்கிழமை ஆபீஸ் மொட்டை மாடியிலிருந்து போன் போட்டேன். மூன்று பேர் கைமாறி ஒரு குரல் வந்தது. "நாங்க கடை பேரே போடலியே சார்?"

"விலக்குல ஒரே கடைதான் சார் இருக்கு."

"ஒரே கடைதான்னு எப்படி சார் நாங்க..."

"நேர்ல வந்து பாருங்க சார். வரும்போது நாற்பது கிலோ கொண்டாங்க, எங்க கடையில இல்லை."

கோபத்தில் வாய் தவறி வந்துவிட்டது. மறுமுனையில் கொஞ்சம் மௌனம். அப்புறம், நிஜமாகவே, சிரிப்புச் சத்தம்! "ரசீது காப்பியை இன்னொரு தரம் அனுப்புங்க சார். சரியாத் தெரியலை."

அந்த இரண்டு நாளும் எனக்கு ஒரு அமெரிக்கக் கதைதான் துணை. 1992 நவம்பரில், என்.பி.சி. டி.வி.க்காரர்கள் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டி ஒன்று மோதினால் தீப்பிடிக்கும் என்று படம் பிடித்துக் காட்டினார்கள். எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? நிச்சயம் தீப்பிடிக்க வேண்டும் என்று வண்டிக்கு அடியில் குட்டி ராக்கெட் மோட்டார்களைக் கட்டியிருந்தார்கள். கம்பெனிக்காரர்கள் அந்த வண்டிகளையே பழைய இரும்புக் கடையில் தேடிப் பிடித்து, நிரூபித்து, வழக்கும் போட்டார்கள். மறுநாள், 1993 பிப்ரவரி 9, அதே நிகழ்ச்சியிலேயே மன்னிப்பு வாசித்தார்கள். எங்களுக்கும் டி.வி.யில் மன்னிப்பு வேண்டும் என்று கேட்கவில்லை. பேப்பரில் நாலு வரி போதும்.

அடுத்த வியாழக்கிழமை, ஜூலை 25, வந்தேவிட்டது. ஏழாம் பக்கத்தில், கிணற்றில் விழுந்த பசு மீட்கப்பட்ட செய்திக்கும் ஒரு டெண்டர் விளம்பரத்துக்கும் நடுவே. 'திருத்தம்' என்று தலைப்பு. எண்ணிப் பார்த்தேன், ஆறு வரி. மூன்று தப்பையும் ஒப்புக்கொண்டு, தவறுக்கு வருந்துகிறோம் என்று போட்டிருந்தார்கள். அட்டை நோட்டீஸையும் விடாமல் போட்டிருந்தார்கள். அது நியாயம்தானே!

சித்தப்பா அன்றும் பேப்பர் வாங்கினார். முப்பது. இந்தத் தடவை எல்லோரும் படிக்க வேண்டுமாம்.

ஒன்றை வெட்டி, லாமினேஷன் போட்டு, கடை முகப்பில் ஆணி அடிக்கப் போனார். சித்தி சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டாள். "மலைக்கு வர்றவுக மதுரைக்காரவுக, தேனிக்காரவுக. அவுகளுக்கு விஷயமே தெரியாது. நாமளே தட்டி கட்டிச் சொல்லணுமாக்கும்?"

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் சித்தி கட்சி. உள்ளூர்க்காரர்கள் கண்ணில் படுகிற மாதிரி, பால் இறக்குகிற பின்வாசலில் மாட்டினோம். முகப்பில் தேதி அட்டை மட்டும் வைத்தோம், கொட்டை எழுத்தில்.

முதல் செய்தியைப் படித்த எல்லோரும் ஆறு வரியைப் படித்தார்களா? இல்லை. இரண்டு ஹோட்டல்காரர்கள் ஆர்டரை நிறுத்தினார்கள், நிறுத்தியதுதான். ஊரில் ஒரு பெரியவர் இன்றைக்கும் "நாப்பது கிலோ" என்றுதான் சித்தப்பாவைக் கூப்பிடுகிறார். ஆனால் பால்கார அக்கா பின்வாசலில் நின்று, தன் பையனை விட்டு அந்த ஆறு வரியையும் சத்தமாக வாசிக்கச் சொல்லி, இரண்டு தரம் கேட்டது. அப்புறம் வாளியை இறக்கி வைத்தது. மறுநாள் நாற்பது லிட்டர். அமாவாசைக்கு முன்தினம் அறுபது போதாமல் வத்திராயிருப்புக்கு ஆள் அனுப்பினோம்.

பரிசோதனை ரிசல்ட் அதற்குப் பிறகு சாவகாசமாக வந்தது. குறை ஒன்றும் இல்லை. அதை யாருமே செய்தியாகப் போடவில்லை; நாங்களும் கேட்கவில்லை.

கூட்டம் வடிந்த பிறகு, சித்தி பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டு இரண்டு கட்டையும் எடுத்துப் போட்டாள். படிக்கக் கூடாதது இருபத்திமூன்று, படிக்க வேண்டியதில் லாமினேஷன் போனது போக இருபத்தொன்பது. அவர் தராசில் வைத்து, "ஏழு கிலோ" என்றார்.

"தராசை நல்லாப் பாத்துச் சொல்லுங்கண்ணே" என்றார் சித்தப்பா. "பெறகு நாப்பதுன்னு எழுதிட்டு நிக்கக் கூடாது."