அனுபவச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டவருக்கு



உங்கள் பெயரை இதில் போடவில்லை. போட்டால் போன் செய்து திட்டுவீர்கள். கும்பகோணத்தில் வங்கி மதிப்பீட்டு வேலை பார்க்கிறவர்களுக்கு யாரென்று தெரிந்துவிடும், மற்றவர்களுக்குப் பெயர் தேவையில்லை.

நேரில் வந்து சொல்லிவிட்டுப் போக வேண்டியதை ஊரறிய எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. சிவில் முடித்த பிள்ளைகள் அடிக்கடி என்னைத் தேடி வருகிறார்கள். "மேடம், ரிஜிஸ்டர்டு வேல்யூவர் ஆகணும். அஞ்சு வருஷத்துக்கு எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் எங்க கிடைக்கும்?" வேலை எங்கே கிடைக்கும் என்று கேட்பதில்லை, சர்டிபிகேட்தான். கேட்கிற பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. விதி அப்படி இருக்கிறது.

2017ஆம் ஆண்டு வந்த பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் விதிகள் என்ன கேட்கின்றன? நிலம், கட்டடம் என்ற பிரிவில் பதிவு வேண்டுமானால் சிவில், கட்டடக்கலை, நகரமைப்பு இவற்றில் ஒன்றில் பட்டம் வேண்டும். பட்டம் வாங்கிய பிறகு அந்தத் துறையில் 5 ஆண்டு அனுபவம் வேண்டும். முதுநிலை படித்தவருக்கு 3 ஆண்டு போதும். அப்புறம் 50 மணி நேரப் பயிற்சி வகுப்பு, கணினியில் ஒரு தேர்வு. அதில் 60 சதவீதம் எடுக்க வேண்டும், தப்பான விடைக்குக் கால் பங்கு மதிப்பெண் போகும். எல்லாம் சரி. ஆனால் அந்த ஐந்தாண்டு 'துறையில்' இருந்தால் போதும். துறை என்றால் சிவில். பாலத்துக்குக் கம்பி கட்ட வைத்தவரும், அலுவலகத்தில் உட்கார்ந்து கான்ட்ராக்டர் பில் சரிபார்த்தவரும் தகுதியானவர்களே. ஒரு வீட்டுக்காவது விலை பார்த்திருக்க வேண்டும் என்று அந்த வரி கேட்கவில்லை. பழைய செல்வ வரிச் சட்டத்தின் கீழ் தொழில் நடத்துகிறவர் பதிவு வாங்கப் பத்தாண்டு கேட்டார்கள். நீங்கள் அந்த வழியாக வந்தவர்.

நான் உங்கள் அறைக்கு வந்தபோது விதி கேட்ட ஐந்தாண்டு என் கையில் இருந்தது. ஒரு கட்டுமான நிறுவனம் லெட்டர்பேடில் அச்சடித்துக் கொடுத்திருந்தது. வங்கியின் மதிப்பீட்டாளர் பேனல் வேலைக்கு ஒரு சிபாரிசு கிடைத்தால் போதும் என்றுதான் வந்தேன். காகிதத்தைப் படித்துவிட்டு நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்று. "அஞ்சு வருஷம் சரிம்மா. எத்தன வீட்டுக்கு வெல பாத்திருக்க?" ஒன்றுமில்லை என்றேன். "அப்ப நாளைக்கு ஒம்பது மணிக்கு வா. செருப்பு வேணாம், ஷூ போட்டுக்க."

முதல் நன்றி அந்தக் கேள்விக்கு.

அப்புறம் அந்த நோட்டு. சந்தா நோட்டு மாதிரி நீளமாக ஒன்று வாங்கிக் கொடுத்து, பார்க்கிற ஒவ்வொரு சொத்தையும் எழுதச் சொன்னீர்கள். தேதி, சர்வே எண், என்ன வகைக் கட்டடம், எத்தனை மணி நேரம், அதில் நான் செய்தது எது, நீங்கள் செய்தது எது. கடைசிப் பத்தியில்தான் கறாராக இருப்பீர்கள். நான் டேப்பின் ஒரு முனையைப் பிடித்திருந்தால் 'டேப் பிடித்தேன்' என்றுதான் எழுத வேண்டும், 'அளந்தேன்' என்று எழுதக்கூடாது. வாரக் கடைசியில் படித்து, பக்கத்துக்குப் பக்கம் சுருக்கொப்பம் போடுவீர்கள். இந்த ஊரில் எந்த அதிகாரியும் கேட்காத கணக்கு அது.

சோலையப்பன் தெருப் பக்கம் பழைய வீடு ஒன்று பார்த்தோமே, நினைவிருக்கிறதா? மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல்லைக் குறுக்காக நிறுத்திச் சுண்ணாம்புக் காரை போட்ட கூரை. நான் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, விரிசல் இல்லை, கறை இல்லை, நன்றாக இருக்கிறது என்று எழுத ஆரம்பித்தேன். நீங்கள் வீட்டுக்காரரிடம் ஏணி கேட்டீர்கள். அந்த வயதில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி, உத்திரம் சுவருக்குள் போகிற இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினீர்கள். அரை விரல் நீளம் உள்ளே போயிற்று. வெளியே இழுத்தால் மாவாக உதிர்ந்தது. நடுக்கூடத்தில் கல்லாய் இருக்கிற மரம் சுவர் ஈரம் பட்ட முனையில் கரையானுக்குப் போயிருந்தது. வரிசையாக எல்லா உத்திரத்தையும் குத்திப் பார்த்து, எத்தனை முனை போய்விட்டது என்று என்னை எண்ணச் சொன்னீர்கள். நான் படித்த எந்தப் பாடப் புத்தகத்திலும் அந்த ஸ்க்ரூ டிரைவர் இல்லை.

தேய்மானக் கணக்கு புத்தகத்தில் இருந்தது. கான்கிரீட் கட்டடத்துக்கு ஆயுள் 60 ஆண்டு, கடைசியில் மிஞ்சுகிற மதிப்பு 10 சதவீதம் என்று வைத்தால், 20 ஆண்டான வீட்டுக்குத் தேய்மானம் 30 சதவீதம். கால்குலேட்டர் போதும். அதே வயது வீடு நாகப்பட்டினத்தில் கடலைப் பார்த்து நின்றபோதுதான் அந்த 30க்கு அர்த்தமில்லை என்று காட்டினீர்கள். உப்புக் காற்றில் கம்பி துருவேறி உப்பி, சன்ஷேடின் அடிப்பக்கம் தகடு தகடாகப் பெயர்ந்து கிடந்தது. "வயச கேக்காத, இன்னும் எத்தன வருஷம் நிக்கும்னு கேளு" என்றீர்கள். இப்போது கரையோரச் சொத்து எது வந்தாலும் முதலில் சன்ஷேடின் அடியைத்தான் பார்க்கிறேன்.

நிலத்தின் விலை இன்னும் சிக்கல். பத்திரத்தில் போட்ட தொகை வேறு, கை மாறிய தொகை வேறு என்பது ஊருக்கே தெரியும். 2023 ஏப்ரல் 1ஆம் தேதி, 2017இல் 33 சதவீதம் குறைத்திருந்த பத்திரப்பதிவு வழிகாட்டி மதிப்பை அரசு பழையபடி ஏற்றியது. ஒரே இரவில் அரசுக் கணக்கில் மனைகளின் மதிப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அன்று காலை நாம் பார்க்கப்போன மனையில் அதே ஆடு அதே வேலியோரம் மேய்ந்துகொண்டிருந்தது. "கைடுலைன் ஏறிருச்சுன்னு அதுக்கு யாராவது சொன்னாங்களா?" என்று கேட்டுவிட்டு நீங்கள் டீக்கடைக்கு நடந்தீர்கள். பத்திர எழுத்தர், புரோக்கர், சமீபத்தில் பக்கத்து மனை வாங்கியவர், விற்றவர் என்று தனித்தனியாக நான்கு பேரிடமாவது கேட்காமல் சதுர அடி விலையை எழுத விட்டதில்லை. விற்றவர் குறைத்துச் சொல்வார், புரோக்கர் ஏற்றிச் சொல்வார், யார் எதற்குச் சொல்கிறார்கள் என்பதையும் சேர்த்து நோட்டில் குறிக்க வேண்டும். தெருக்குத்து மனைக்கு ஏன் சார் கழிக்கிறோம், நமக்குத்தான் அதில் நம்பிக்கை இல்லையே என்று வாதாடினேன். வாங்குகிறவனுக்கு இருக்கிறது, விலை அவன் கொடுப்பது என்று முடித்துவிட்டீர்கள்.

ஏற்றிப் போடச் சொல்லி வருகிறவர்களைப் பற்றியும் எழுத வேண்டும். ஒரு பிளாட் வந்தது, 50 லட்சம் பெறும். அந்த அளவுக் கடனுக்கு வங்கி மதிப்பில் 80 சதவீதம் வரைதான் தரலாம், ஆக 40 லட்சம். வாங்குகிறவருக்கு 48 வேண்டும். ரிப்போர்ட்டில் 60 என்று எழுதினால் அவருக்குக் கணக்குச் சரியாகிவிடும். வங்கிக் கிளையிலிருந்தும் ஜாடையாகப் பேசினார்கள். நீங்கள் சத்தம் போடவில்லை, பிரசங்கமும் செய்யவில்லை. அதே கட்டடத்தில் விற்ற மூன்று பிளாட்டுகளின் விலையையும் பிரிபடாத பாகத்தின் அளவையும் ஒரு தாளில் எழுதி, "இதுல எது தப்புன்னு சொல்லுங்க, மாத்திடறேன்" என்று நீட்டினீர்கள். பிறகு அந்தக் கிளையிலிருந்து நமக்குக் கொஞ்ச காலம் வேலை வரவில்லை. என் சம்பளம் மட்டும் தேதி தவறாமல் வந்தது.

அமெரிக்காவில் மதிப்பீட்டாளர் உரிமத்தை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பிறகுதான் படித்தேன். 1980களில் அங்கே சேமிப்புக் கடன் நிறுவனங்கள் வரிசையாகக் கவிழ்ந்தபோது, ஊதிப் பெருக்கிய சொத்து மதிப்பீடுகளும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டன. 1989இல் சட்டம் வந்தது, மாநிலங்கள் உரிமம் கொடுக்க ஆரம்பித்தன. அங்கே அனுபவத்தை மணிக்கணக்கில் எண்ணுகிறார்கள், அதுவும் மதிப்பீட்டு வேலையில் செலவழித்த மணிகளை. வீடுகளுக்கான முதல் நிலை உரிமத்துக்கு 1,000 மணி நேரம், அதை 6 மாதத்துக்குள் முடித்துவிடக்கூடாது. அடுத்த நிலைக்கு 1,500 மணி, 12 மாதம். எல்லா வகைச் சொத்தையும் மதிப்பிடும் உரிமத்துக்கு 3,000 மணி, 18 மாதம், அதில் பாதி குடியிருப்பு அல்லாதவற்றில். பயிற்சியாளரும் மேற்பார்வையாளரும் சேர்ந்து பதிவேடு வைக்க வேண்டும். பொதுவாக ஒருவர் ஒரே நேரத்தில் மூன்று பேருக்கு மேல் மேற்பார்வையிட முடியாது. படித்தபோது உங்கள் நீள நோட்டுத்தான் கண்முன் வந்தது. இவர்கள் சட்டம் போட்டுச் செய்வதை ஒரு மனிதர் பிடிவாதத்தினால் செய்தார்.

ஆனால் அங்கேயும் ஒரு பெரிய தொல்லை உண்டு. மேற்பார்வையாளர் கிடைப்பதில்லை. முதல் நிலைக்கு 2,000 மணியாக இருந்ததை 2018இல் பாதியாகக் குறைத்தார்கள், அப்புறம் கணினி வழிப் பயிற்சியை மாற்றாகக் கொண்டுவந்தார்கள். தட்டுப்பாடு ஏன் என்பது தொழிலில் இருக்கிற எவருக்கும் புரியும். நாளைக்கு எதிரில் போர்டு மாட்டப்போகிறவரை இன்றைக்குச் சம்பளம் கொடுத்து, நேரம் செலவழித்து யார் வளர்ப்பார்கள்? நீங்கள் வளர்த்தீர்கள். நான் தனியாக வந்த முதல் மாதமே நீங்கள் பேனலில் இருந்த ஒரு வங்கிக்கு என்னைக் கூட்டிப்போய் மேலாளரிடம் அறிமுகம் செய்தீர்கள். அந்த வங்கி வேலையில் பாதி இப்போது எனக்கு வருகிறது. இதற்கு நன்றி சொல்ல எனக்குத் தோதான வாக்கியம் அமையவில்லை, உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

நீங்கள் கொடுத்த அனுபவச் சான்றிதழ் இன்னும் என் ஃபைலில் இருக்கிறது. ஒழுக்கம், உழைப்பு, வாழ்த்து எதுவும் அதில் இல்லை. தனி வீடு, அடுக்குமாடி, காலி மனை, கடைக்கட்டடம் என்று வகை வாரியாக நான் தனியாகச் செய்தவை, உங்களுடன் செய்தவை. கடைசியில் ஒரு வரி: 'ஆலைகள், விவசாய நிலம் இவற்றில் அனுபவம் இல்லை.' படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. வேலை தேடுகிறவளுக்குக் கொடுக்கிற காகிதத்திலா இதை எழுதுவது? ஆனால் அதைப் படித்த வங்கிக்காரர், மேலே உள்ளதை எல்லாம் அப்படியே நம்பலாம் என்றார். போன வருஷம் ஒரு நவீன அரிசி ஆலை வந்தபோது உங்களிடம் அனுப்பி, கூடவே நானும் வந்து நின்றேன். நோட்டில் 'டேப் பிடித்தேன்' என்று எழுதிக்கொண்டேன்.

இப்போது என்னிடம் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒருத்திக்கு வரும் தை மாதம் சான்றிதழ் கொடுக்க வேண்டும். அதற்குமுன் அவள் நோட்டை நீங்கள் ஒரு தடவை பார்த்தால் நன்றாக இருக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் உங்களோடு நான் ஒத்துப்போகப் போவதில்லை. லேசர் மீட்டர் பொய் சொல்லும், டேப்தான் சொல்லாது என்பீர்களே, அது சும்மா பிடிவாதம். வெயிலில் புள்ளி தெரியாது என்பது உண்மை, கூடத்துக்குள் என்ன குறை? வருகிற வாரம் திருவிடைமருதூர் பக்கம் ஒரு வீடு இருக்கிறது. வாருங்கள். நான் லேசரில் அளக்கிறேன், நீங்கள் டேப்பில் அளந்துகொள்ளுங்கள். பிள்ளைகள் இருவரும் முனை பிடிக்கட்டும்.


உங்களிடம் விலை பார்க்கக் கற்றவள்