வால்வு எங்கே இருக்க வேண்டும்?

மைசூரிலிருந்து நஞ்சன்கூடு செல்லும் சாலையில் மண்டகள்ளி விமான நிலையம் இருக்கிறது. பயணிகள் விமானங்கள் குறைவாகவே வந்துபோகும் அந்த ஓடுபாதையைப் பயிற்சி விமானங்களும் பயன்படுத்திவருகின்றன. உலகில் எங்கும், இத்தகைய சிறு விமானத்தில் ஏறுவதற்கு முன் மாணவர் செய்யும் வேலை ஒன்று உண்டு. இறக்கையின் அடியில் குனிந்து, தொட்டியின் மிகத் தாழ்ந்த இடத்தில் உள்ள வடிகாலை அழுத்தி, தெளிவான சிறு குவளையில் சிறிது எரிபொருளைப் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். இளநீல நிறம் தெரிந்தால் அது ஆவ்காஸ் 100எல்எல். அடியில் நிறமற்ற துளி உருண்டால் அது தண்ணீர். தண்ணீர் நீங்கும்வரை மீண்டும் வடிக்க வேண்டும்.

ஆலையில் உருவான விமானத்தில் அந்த வடிகால் எங்கே அமைய வேண்டும் என்பதை ஒரு பொறியாளர் குழு முன்பே தீர்மானித்து, சோதித்து, அரசின் ஒப்புதலையும் பெற்றிருக்கும். தன் கொட்டகையில் தானே விமானம் கட்டுபவருக்கு அந்த வசதி இல்லை. எஞ்சினை விலைக்கு வாங்கலாம். இறக்கையின் வடிவத்தை வரைபடத்திலிருந்து அப்படியே எடுக்கலாம். தொட்டியையும் எஞ்சினையும் இணைக்கும் குழாய், ஃபில்ட்டர், பம்பு, வால்வு, காற்றுத்துளை ஆகியவற்றில்தான் ஒவ்வொருவரும் தம் சொந்தப் புத்தியைச் சிறிது கலந்துவிடுகிறார்கள். பார்வைக்கு அது வீட்டுக் குழாய் வேலை போலிருப்பதே அதன் ஆபத்து.

இந்தியாவில் இதைப் பற்றிப் பேச மைசூரிலிருந்து வெகுதூரம் போக வேண்டியதில்லை. பெங்களூரில், அப்போது தேசிய வானூர்தி ஆய்வகம் என்ற பெயரில் இயங்கிய என்ஏஎல், 1987இல் எல்சிஆர்ஏ என்னும் இலகு விமானம் ஒன்றைப் பறக்கவிட்டது. முழுவதும் கலப்பிழைப் பொருளால் ஆன அதன் மூலம், அமெரிக்கரான பர்ட் ருட்டான் வடிவமைத்த லாங்-ஈஸி. சொந்தமாகக் கட்டுவோருக்காக வரைபடமாக விற்கப்பட்ட வடிவம் அது. பின்னாளில் ஹன்ஸா பயிற்சி விமானத்தை உருவாக்கிய அனுபவத்தின் தொடக்கம் இந்தச் சிறு விமானத்தில் இருக்கிறது. ஓர் அரசு ஆய்வகம் வீட்டுக் கொட்டகைக்கான வரைபடத்திலிருந்து கற்கத் தொடங்கியதை இந்தியத் தொழில்நுட்ப வரலாறு போதிய அளவு கவனிக்கவில்லை.

1979இல் முதன்முதலாகப் பறந்த லாங்-ஈஸியில் எஞ்சின் பின்புறம் இருக்கும். விமானி முன்னிருக்கையில் ஏறக்குறைய சாய்ந்து படுத்தபடி அமர்ந்திருப்பார். எரிபொருள் இருபுறமும் இறக்கையின் வேர்ப்பகுதியில் உள்ள இரண்டு தொட்டிகளில் நிற்கும். எந்தத் தொட்டியிலிருந்து எடுப்பது என்பதைத் தேர்ந்தெடுக்கும் வால்வுக்கு மூன்று நிலைகள்: இடம், வலம், மூடல். 'இரண்டும்' என்ற நிலை கிடையாது. பம்பினால் உறிஞ்சும் அமைப்பில் இரண்டு தொட்டிகளையும் ஒருசேரத் திறந்துவைத்தால், ஒன்று காலியானவுடன் பம்பு காற்றை உறிஞ்சத் தொடங்கிவிடும். மற்றொன்றில் எரிபொருள் இருந்தும் எஞ்சின் நின்றுபோகும். ஆகவே விமானி தம் கையால் வால்வை மாற்றியே தீர வேண்டும். இதை உணர்ந்த ருட்டானின் வரைபடம், வால்வை விமானியின் கால்களுக்கு இடையே, கண்ணுக்கும் கைக்கும் எதிரே வைத்தது. பின்னால் உள்ள எரிபொருளை முன்னால் கொண்டுவந்து மீண்டும் பின்னால் உள்ள எஞ்சினுக்கு அனுப்பும் சுற்றுவழி அது.

இந்தச் சுற்றுவழி ஒருவருக்குப் பிடிக்கவில்லை. பெட்ரோல் ஓடும் குழாய் விமானி அறைக்குள் எதற்கு வர வேண்டும் என்று அமெரிக்காவில் ஒரு லாங்-ஈஸியைக் கட்டியவர் எண்ணினார். கேள்வி நியாயமானது, நெருப்பை அஞ்சாத விமானி இல்லை. அவர் வால்வை இருக்கைக்குப் பின்னால், விமானியின் இடது தோளுக்கும் பின்புறம் உள்ள தடுப்பில் பொருத்தினார். குழாய் குறுகியது, மூட்டுகள் குறைந்தன, அறைக்குள் எரிபொருள் வரவில்லை. காகிதத்தில் மதிப்பெண் போட்டால் இது மூல வரைபடத்தைவிட மேலான அமைப்பு.

அந்த விமானம் பின்னர் கைமாறிப் பாடகர் ஜான் டென்வரிடம் வந்தது. 1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியாவின் மான்டரே வளைகுடாவில் அது விழுந்தது, அவர் இறந்தார். புறப்படுமுன் வால்வின் கைப்பிடி எட்டவில்லை என்பதைப் பற்றி அவரும் ஒரு பராமரிப்புத் தொழிலாளரும் பேசியிருக்கிறார்கள். கைப்பிடியை நீட்டிக்க ஒரு பூட்டுக் குறடைக் கூடப் பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். அது பயன்படவில்லை. எரிபொருள் நிரப்பிக்கொள்ளவும் அவர் முன்வரவில்லை. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் முடிவு இது: வால்வைத் திருப்பும் முயற்சியில் விமானியின் கவனம் சிதறியது, அறியாமலே வலது ரடர் பெடலை அழுத்தினார், விமானம் கட்டுப்பாடு இழந்தது. இடது தோளுக்குப் பின்னால் கையை நீட்ட உடலைத் திருப்பினால், வலது கால் தானாக முன்னே உந்தும். எட்டாத இடத்தில், குறியீடு இல்லாமல் வைக்கப்பட்ட வால்வும், அளவுக் குறிகள் இடப்படாத எரிபொருள் காட்டியும், அவ்வகை விமானத்தில் விமானிக்கு இருந்த போதாத அனுபவமும் துணைக் காரணங்களாகப் பதிவாயின.

இதைப் படிப்பவர் பழியை ஒருவர்மீது சுமத்தி நகர்ந்துவிடக் கூடும். ஆனால் கட்டியவர் அலட்சியக்காரர் அல்லர். ஓர் ஆபத்தை மட்டும் தனியே எடுத்து மிகக் கவனமாக நீக்கியவர். நீக்கிய ஆபத்து வேறோர் இடத்தில் முளைத்தது. எரிபொருள் அமைப்பு தொட்டியில் தொடங்கி எஞ்சினில் முடிவதாக அவர் கருதினார். விமானியின் தோள்மூட்டும் கழுத்தும் வலது காலும் அதில் அடக்கம் என்பது அவர் வரைந்த படத்தில் இல்லை. 1930களின் பைப்பர் கப் விமானத்தை இங்கே ஒப்பிடலாம். தொட்டி விமானியின் முன்னாலேயே இருக்கும். தக்கையில் செருகிய கம்பி ஒன்று மூடியின் வழியே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எரிபொருள் குறையக் குறையக் கம்பி கீழிறங்கும். நெருப்பை அஞ்சுபவருக்கு அது கெட்ட கனவு. ஆனாலும் எவ்வளவு மிச்சம் என்பதை அறிய யாரும் தலையைத் திருப்ப வேண்டியிருந்ததில்லை.

மைசூரில் ஒருவர் இன்று அப்படியொரு விமானத்தைக் கட்டுகிறார் என்று வைத்துக்கொண்டால், அவருக்கு வால்வைத் தவிர வேறு கவலைகளும் உண்டு. ஆவ்காஸ் சாலையோரத்தில் கிடைக்காது. இந்தியன் ஆயில் நிறுவனமே 2022இல்தான் அதை உள்நாட்டில் தயாரிக்கத் தொடங்கியது. ரோட்டாக்ஸ் 912 போன்ற எஞ்சின் மோட்டார் பெட்ரோலிலும் ஓடும் என்பதால் பெட்ரோல் பங்க்கின்பால் மனம் சாயும். அங்கே இப்போது கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல்; ரோட்டாக்ஸ் அனுமதிப்பதோ 10 விழுக்காடு வரை. எத்தனால் சில எபாக்சிப் பிசின்களை இளக்கும். தொட்டியே எபாக்சியால் ஆன விமானத்தில் இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. அது தண்ணீரையும் தன்னோடு கரைத்து வைத்துக்கொள்ளும். அளவு மிஞ்சியபின் இரண்டும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கும். அதுவரை குவளைச் சோதனையில் தெளிவான பெட்ரோல்தான் தெரியும்.

இதோடு வெயிலையும் சேர்க்க வேண்டும். ஏப்ரலில் தகரக் கொட்டகையில் நின்ற விமானம், கடல்மட்டத்துக்கு 700 மீட்டருக்கு மேலிருக்கும் ஓடுபாதையிலிருந்து மேலேறும்போது, குழாயில் உள்ள சூடான பெட்ரோல் மீதான அழுத்தம் மேலும் குறையும். பம்பை எஞ்சின் அருகே வைத்து நீண்ட குழாயில் உறிஞ்சினால், பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிப் பம்பு வெறும் ஆவியைக் கடையும். பம்பைத் தொட்டிக்கு அருகே தாழ்வாக வைத்து, உறிஞ்சுவதற்குப் பதில் தள்ளச் செய்வதே இதற்கு வழி. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் பெட்ரோல் தருவது சுமார் 0.07 பார் அழுத்தம்; ரோட்டாக்ஸ் 912 கேட்பது குறைந்தது 0.15 பார். ஈர்ப்பு விசையை மட்டும் நம்பியிருக்க முடியாது. காற்றுத்துளையில் குளவி கூடு கட்டாமல் வலை போடுவதும் மறக்கக் கூடாத வேலை. துளை அடைபட்டால் நிறைந்த தொட்டியிலிருந்தும் பெட்ரோல் வராது.

இவ்வளவும் சரியா என்பதை அறியப் பறக்க வேண்டியதில்லை. விமானத்தின் மூக்கை, மேலேறும்போது இருக்கும் அதிகபட்சக் கோணத்துக்குத் தூக்கி நிறுத்த வேண்டும். தொட்டியில் சிறிதளவே பெட்ரோல் ஊற்றி, கார்புரேட்டருக்குச் செல்லும் குழாயைக் கழற்றி, அளவுக் குவளையில் விட்டு, நேரத்தைக் குறிக்க வேண்டும். பம்பு அமைப்பானால் எஞ்சின் உச்சத்தில் குடிப்பதைப் போல் 1.25 மடங்கு வர வேண்டும் என்பது நெடுங்கால விதி. மணிக்கு 27 லிட்டர் குடிக்கும் எஞ்சினுக்கு ஒரு லிட்டர் நிரம்ப 106 விநாடிக்கு மேல் ஆகக் கூடாது. ஒழுக்கு நின்றபின் தொட்டியில் தங்கியிருப்பதை வடித்து அளந்து, அந்த மட்டத்தில் காட்டியின் சுழிக்குறியை இட வேண்டும். பிறகு இருக்கையில் அமர்ந்து, தோள்வாரை இறுக்கி, கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கால்களும் பெடலில் அசையாதிருக்க வால்வை இடத்திலிருந்து வலத்துக்குத் திருப்பிப் பார்க்க வேண்டும். எட்டவில்லையென்றால் குழாயை வெட்டி மீண்டும் போடுவதற்கு ஒரு வாரம் ஆகலாம்.