மாப்பிள்ளை வாங்கிய கரவான்

கேரவன் என்றால் நம் ஊரில் எல்லோருக்கும் சினிமா ஷூட்டிங்தான் நினைவுக்கு வரும். கதாநாயகர் ஏ.சி. போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரிய வண்டி. நான் சொல்லப்போவது அது அல்ல. பிரான்சில் கரவான் என்பார்கள். எஞ்சின் கிடையாது, ஸ்டியரிங் கிடையாது. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகிற, சக்கரம் வைத்த சின்ன வீடு. உள்ளே கட்டில், அடுப்பு, ஃபிரிஜ், கக்கூஸ் எல்லாம் உண்டு. ஆனால் ஓடும்போது உள்ளே யாரும் உட்காரக் கூடாது, சட்டம். 500 கிலோவுக்கு மேலே இருந்தால் தனி நம்பர் பிளேட், தனி ஆர்.சி.

2023 கோடையில் நானும் என் மனைவியும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது மாப்பிள்ளை இப்படி ஒன்றைப் புதிதாக வாங்கி நிறுத்தியிருந்தார். காரும் கரவானும் சேர்ந்த எடைக்குச் சாதாரண லைசென்ஸ் போதவில்லை என்று 7 மணி நேரப் பயிற்சிக்கு வேறு போய்வந்திருந்தார். பாரீஸுக்கு வடக்கே, நம் புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்கள் நிறைய இருக்கும் பக்கம் அவர்கள் வீடு. பிள்ளைகளுக்கு ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதம் லீவு. கூட வேலை செய்பவர்கள் எல்லாம் வக்கான்ஸ் வக்கான்ஸ் என்று கிளம்பும்போது நாம் மட்டும் ஏன் வீட்டில் கிடக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். கடன் போட்டுத்தான் வாங்கினார்.

முதல் பயணம் மேற்குக் கடற்கரைக்கு, வாந்தே பக்கம் சேன்-ழான்-தெ-மோன் என்கிற ஊர். பைன் மரக்காடு, அதைத் தாண்டினால் மணலும் கடலும். 400 கிலோமீட்டருக்கு மேல். போய் நிறுத்திக் கதவைத் திறந்தால், மேல் அலமாரி ஒன்று தானாகத் திறந்துகொண்டு தட்டுகள் எல்லாம் தரையில். நல்லவேளை, பிளாஸ்டிக் தட்டு.

அன்றிலிருந்து ஒவ்வொன்றாக வந்தது. மேஜைக் கால் ஆடியது. சமையல் குழாயில் தண்ணீர் நூல் போலத்தான் வந்தது. வடிகட்டியைக் கழற்றினால் மரத்தூளும் பிளாஸ்டிக் சுருளும். தொட்டியில் துளை போட்டவர் தூளை அள்ளாமலே மூடிவிட்டார். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு, யாரும் குழாயைத் திறக்காமலே, பம்ப் கால் மணிக்கொரு தடவை டர்ர் என்று ஓடி நின்றது. மூன்றாம் நாள் மழை பெய்தது. கூரை ஜன்னல் ஓரத்திலிருந்து ஒரு சொட்டு என் மனைவியின் தலையணையில் விழுந்தது.

மாப்பிள்ளை எதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. "புதுசுதானே மாமா, செட்டாயிடும்" என்று சிரிப்பார். அவர் முகத்தைப் பார்த்தால் நமக்கும் கேட்கத் தோன்றாது.

கரவானின் உள்சுவர் 3 மில்லிமீட்டர் பிளைவுட். நடுத்தடுப்பும் ஏறக்குறைய அப்படித்தான். அந்தப் பக்கம் மூச்சு விட்டால் இந்தப் பக்கம் கேட்கும். மழை பெய்த ராத்திரி மகள் அடங்கின குரலில் சொன்னது எங்கள் காதில் விழுந்தது. "இந்தப் பணத்துல நாலு பேரும் ரெண்டு தடவை ஊருக்குப் போயிட்டு வந்திருக்கலாம்." அதற்குப் பதில் இல்லை. வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. பம்ப் மட்டும் ஓடி நின்றது. என் மனைவி இருட்டில் என் கையைத் தட்டினாள், ஏதாவது செய்யுங்கள் என்று அர்த்தம்.

நான் அரசு அலுவலகத்தில் வெகுகாலம் கான்ட்ராக்ட் பில் பார்க்கிற மேஜையில் இருந்தவன். சுத்தியல் பிடித்தவன் இல்லை, ஆனால் குறைப் பட்டியல் எத்தனையோ பார்த்திருக்கிறேன். கட்டடத்தில் அஸ்திவாரம் கெட்டது என்று வருவது அபூர்வம். தாழ்ப்பாள், குழாய் இணைப்பு, ஜன்னல் ஓரம், இவைதான் வரும். வேலையின் கடைசிப் பத்து நிமிஷத்தில் வருகிற குறைகள். அதற்காகத்தான் கான்ட்ராக்டர் பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்து, குறிப்பிட்ட காலம் கழிந்த பிறகு விடுவது. கடையில் முழுப் பணமும் கொடுத்து வாங்குகிறவன் கையில் அந்தப் பிடி இல்லை.

மறுநாள் காலை பேத்தியின் நோட்டில் மூன்று பத்தி போட்டேன். நாமே செய்யக்கூடியது, விற்றவர் செய்ய வேண்டியது, குறையே இல்லாதது. மாப்பிள்ளையிடம் நான் எதையும் விளக்கப் போகவில்லை. "மாப்பிள்ளை, இந்த டார்ச்சைக் கொஞ்சம் பிடிங்க" என்று மட்டும் கூப்பிட்டேன். அவரே குனிந்து பார்த்தார். தொட்டியின் கீழே, குழாயும் பம்ப்பும் சேருமிடத்தில், கிளிப் சரியாக முறுக்கப்படாமல் பொட்டுப் பொட்டாகக் கசிவு. அழுத்தம் குறையும்போதெல்லாம் பம்ப் தானே ஓடி அதைச் சரிக்கட்டும். அதுதான் ராத்திரிச் சத்தம். ஸ்க்ரூ டிரைவரால் இரண்டு திருகு. அன்றிரவு சத்தம் இல்லை.

மேல் அலமாரியின் கீல் ஸ்க்ரூ உள்ளே இருக்கிற மரச்சட்டத்தில் ஏறாமல் வெறும் பிளைவுட்டில் ஏறியிருந்தது. தாழ்ப்பாளும் முழுதாக விழவில்லை. இரண்டும் இரண்டாம் பத்தி.

மூன்றாம் பத்திதான் அவருக்கு மிகவும் பிடித்தது. ஃபிரிஜ் குளிரவில்லை என்று மனசுக்குள் குமைந்துகொண்டிருந்திருக்கிறார். பக்கத்து இடத்தில் இருந்த ஒரு கிழவர், என் வயதுதான் இருக்கும், ரசமட்டத்தைக் கொண்டுவந்து தரையில் வைத்தார். குமிழ் ஒரு பக்கமாக ஓடியது. கேஸிலும் ஓடுகிற இந்த வகை ஃபிரிஜ்ஜுக்கு நம் வீட்டு ஃபிரிஜ் போல் கம்ப்ரஸர் கிடையாது. சூட்டில் ஓடுவது, வண்டி மட்டமாக நின்றால்தான் குளிரும். ஒரு சக்கரத்தின் கீழ் கட்டை கொடுத்து ஏற்றினோம். சாயங்காலம் பாலில் கை வைத்துப் பார்த்துவிட்டு மாப்பிள்ளை சின்னப் பிள்ளை போல் சிரித்தார்.

அதேபோல் காலையில் ஜன்னல் எல்லாம் நனைந்திருப்பதும் ஒழுகல் இல்லை. ஆறு பேர் மூடின அறையில் மூச்சு விட்டால் குளிர்ந்த ஜன்னலில் தண்ணீர் கோக்கத்தான் செய்யும். மழை இல்லாத நாளும், எல்லா ஜன்னலிலும் இருந்தால் அது மூச்சு. மழைக்குப் பிறகு ஒரே இடத்தில் வந்தால் அது ஓட்டை.

ஆக, உண்மையான ஆபத்து கூரை ஜன்னல் ஒன்றுதான். இந்த வகைச் சுவரில் வெளியே அலுமினியத் தகடு, உள்ளே பிளைவுட், நடுவே மரச்சட்டமும் தெர்மாக்கோலும். தண்ணீர் உள்ளே போனால் மரம் கண்ணுக்குத் தெரியாமல் உளுத்துப்போகும். விரலால் அழுத்திப் பார்த்தேன், பிளைவுட் கெட்டியாக இருந்தது. மாப்பிள்ளை கடைக்குப் போய்ப் பசை வாங்கி அடைக்கக் கிளம்பினார். வேண்டாம் என்றேன். நாம் கை வைத்தால், நீங்கள்தான் கெடுத்தீர்கள் என்பான் விற்றவன். மேலே பிளாஸ்டிக் ஷீட் கட்டி, கீழே கிண்ணம் வைத்து, போட்டோ எடுத்துத் தேதி எழுதினோம்.

விற்ற கடையிலிருந்து போனில் வந்த பதில், "சீசன் முடியட்டும், செப்டம்பரில் பார்க்கலாம்." மாப்பிள்ளை சரி என்று வைத்துவிட்டார். பேச்சுப் பிரெஞ்சில் அவர் என்னைவிடக் கெட்டிக்காரர். ஆனால் ஆபீசுக்கு எழுதுகிற பிரெஞ்சு வேறு. அதற்குத்தான் எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் பிரம்படி கிடைத்தது. பிரெஞ்சுச் சட்டப்படி புதுப் பொருளில் 2 வருஷத்துக்குள் தெரியவருகிற குறை, வாங்கும்போதே இருந்ததாகத்தான் கணக்கு. இல்லையென்று நிரூபிப்பது விற்றவர் பொறுப்பு. சரி செய்யச் சொல்லிக் கேட்டதிலிருந்து 30 நாளுக்குள் செய்து தர வேண்டும். இதை ஒரு பக்கத்தில், கோபம் இல்லாமல், வரிசை எண் போட்டு எழுதினேன். கடைசியில் பழைய முறைப்படி மூன்று வரி வணக்கம். பேத்தி படித்துவிட்டு, "தாத்தா, ராஜாவுக்கா எழுதுறீங்க?" என்று கேட்டாள். மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டார். அக்னாலெட்ஜ்மென்ட் வைத்து ரெஜிஸ்டர் தபால்.

ஒன்பதாம் நாள் கடைக்காரரே போன் செய்தார். குரலே மாறியிருந்தது என்றார் மாப்பிள்ளை. கூரை ஜன்னலைக் கழற்றிப் புதுப் பசை வைத்துப் பொருத்தி, சுவரில் ஊசி முனைக் கருவியால் ஈரம் அளந்து, அளவைத் தாளில் எழுதியும் கொடுத்தார்கள். அந்தத் தாளைப் பத்திரமாக வைக்கச் சொன்னேன். ஒழுகலுக்கான நீண்ட உத்தரவாதம் செல்ல வேண்டுமானால் வருஷா வருஷம் பரிசோதனை செய்த சான்று கேட்பார்கள்.

கரவானை எடுத்துவர மகளும் கூடப் போனாள். வந்து என்னிடம் எதுவும் சொல்லவில்லை. "அடுத்த வருஷம் எங்க போலாம்?" என்று அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கீலை மாற்றிவிட்டார்கள். அலமாரித் தாழ்ப்பாளுக்கு மட்டும் சாமான் வரவில்லை, வந்ததும் சொல்கிறோம் என்றார்கள். போன ஜூலையில் மகள் அனுப்பிய போட்டோவில், பிள்ளைகள் மேஜையில் சீட்டு ஆடுகிறார்கள். பின்னால் அந்த அலமாரிக் கதவில் பேத்தியின் சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கிறது.