சுகர் லேண்டின் 95 குழிகள்

டெக்சஸ் மாநிலத்தில், ஹூஸ்டனுக்குத் தென்மேற்கே இருக்கிறது சுகர் லேண்ட். பெயரில் மட்டுமே சர்க்கரை. கரும்பு வயல்கள் போய்விட்டன. ஆலையை மூடி 20 ஆண்டுகளுக்கு மேலாகிறது. எலும்புக்கரியால் சர்க்கரையை வெளுத்த 1925ஆம் ஆண்டுச் செங்கல் கட்டடம் மட்டும் எட்டு மாடி உயரத்துக்கு நிற்கிறது. ஊரின் பழமை என்று அதைத்தான் காட்டுவார்கள்.

உண்மையான பழமை மண்ணுக்குள் கிடந்தது. 2018 பிப்ரவரியில் புதிய பள்ளிக்காகப் பள்ளம் தோண்டியபோது ஓர் எலும்பு தட்டுப்பட்டது. தொல்லியலாளர்கள் வந்து பார்த்தார்கள். மொத்தம் 95 குழிகள். ஒருவர் பெண், மற்ற எல்லாரும் ஆண்கள். அவர்களில் பதின்வயதுப் பையனும் உண்டு, 70 வயதை எட்டிய கிழவரும் உண்டு. ஏறக்குறைய எல்லாரும் கறுப்பர்கள். ஓயாத பாரத்தில் இளம் எலும்புகளே உருமாறியிருந்தன. கூடவே சங்கிலித் துண்டுகள்.

இவர்கள் அடிமைகள் அல்ல. சட்டப்படி விடுதலை பெற்றவர்கள். விடுதலைக்குப் பின் கைதிகளானவர்கள். டெக்சஸின் அடிமைகளுக்கு விடுதலைச் செய்தி எட்டியது 1865 ஜூன் 19இல். அந்த ஆண்டு இறுதியில் அமெரிக்க அரசியல் சட்டத்தின் 13ஆவது திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது. ஆனால் குற்றத்துக்குத் தண்டனையாக அதை விதிக்கலாம் என்று ஒரு விலக்கையும் வைத்தது. தென்மாநிலங்களுக்கு அந்த விலக்கே போதுமானதாக இருந்தது. வேலையில்லாமல் திரிவதும் குற்றம், சில்லறைத் திருட்டுக்கும் ஆண்டுக்கணக்கில் சிறை. 1878இல் கன்னிங்ஹாம், எல்லிஸ் என்ற இரு தோட்ட முதலாளிகள் டெக்சஸ் சிறைவாசிகள் அனைவரையும் மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்தார்கள். தலைக்கு மாதம் ஏறத்தாழ 3 டாலர்.

இந்தக் கணக்கின் கொடூரம் அதன் எளிமையில் இருக்கிறது. அடிமை செத்தால் அவனை விலைகொடுத்து வாங்கியவனுக்கு நட்டம். குத்தகைக்காரனுக்கு என்ன நட்டம்? சிறை வேறொருவனை அனுப்பும். பிராசோஸ் ஆற்றோரச் சதுப்பில் முழங்கால் நீரில் நின்று கரும்பு வெட்டியவர்களைக் காய்ச்சலும் சவுக்கும் கொண்டுபோயின. அந்தக் கரும்பு நிலங்களைப் பின்னர் வாங்கியவர்கள்தான் பேர்பெற்ற இம்பீரியல் சர்க்கரையை விற்றார்கள்.

எதிர்ப்பு கிளம்பியது. பத்திரிகைகள் எழுதின, சட்டமன்றக் குழு விசாரித்தது, 1910இல் குத்தகையை ஒழிக்கச் சட்டம் வந்தது. ஆனால் அதற்கு இரண்டு ஆண்டு முன்பே அரசு தானே 5,000 ஏக்கருக்கு மேல் வாங்கி இம்பீரியல் சிறைப் பண்ணையை நடத்தத் தொடங்கியிருந்தது. முதலாளி மாறினார், வயல் மாறவில்லை. புளூஸ் பாடகர் லெட்பெல்லி 1920களில் கைதியாக இருந்ததும் சுகர் லேண்டில்தான். அங்கே சிறை கடைசியாக மூடப்பட்டது 2011இல்.

குழிகள் இருக்கின்றன என்று முன்பே ஒருவர் சொன்னார். ரெஜினால்ட் மூர், 1980களில் அப்பகுதிச் சிறையில் காவலராக இருந்தவர். ஓய்வு நேரத்தையெல்லாம் ஆவணங்களில் செலவிட்டு, இங்கே கைதிகளைப் புதைத்திருக்கிறார்கள் என்று ஆண்டுக்கணக்கில் அதிகாரிகளிடம் முறையிட்டார். எலும்பு வெளிவந்த பிறகே அவர் பேச்சு எடுபட்டது. 2019 நவம்பரில் 95 பேரையும் அதே இடத்தில் மறுபடி அடக்கம் செய்தார்கள். அடுத்த ஆண்டு மூர் இறந்தார். பக்கத்தில் எழுந்த பள்ளி, தொழிற்கல்விப் பள்ளி. வேண்டுமென்றே யோசித்தாலும் இப்படி ஒரு பொருத்தம் அமையாது.

எலும்புகள் கிடைத்த அதே 2018இல், கொலராடோ மக்கள் வாக்களித்துத் தங்கள் மாநில அரசியல் சட்டத்திலும் இருந்த அதே தண்டனை விலக்கை நீக்கினார்கள். 2020இல் நெப்ராஸ்கா, யூட்டா. 2022இல் அலபாமா உட்பட நான்கு மாநிலங்கள். 2024 நவம்பரில் நெவாடா ஏற்றது. தாராளப் போக்குக்குப் பேர்போன கலிஃபோர்னியா அதே நாளில் நிராகரித்தது. விலக்கு நீங்கிய கொலராடோவிலும், வேலைக்கு மறுத்தால் தண்டிக்கிறார்கள் என்று கைதிகள் 2022இல் வழக்குப் போட்டார்கள். டெக்சஸ் சிறைகளிலோ, இன்றும் பெரும்பாலான வேலைகளுக்குக் கூலியே கிடையாது.