பென்ஷன்காரரின் புத்தகம்

பீட்டர் ரைட் என்ற பெயரை 1987-இல் பேப்பரில் பார்த்தபோது என்னை இழுத்தது அவருடைய உளவு வேலை அல்ல, பென்ஷன் சண்டை. பிரிட்டனின் உள்நாட்டு உளவுத்துறையான எம்.ஐ.5-இல் இருபது வருஷம் ஒட்டுக்கேட்கும் கருவிகளோடு மல்லுக்கட்டியவர். 1976-இல் ஓய்வு பெற்றார். எம்.ஐ.5-க்கு வருவதற்கு முன்னால் கடற்படைத் துறையில் விஞ்ஞானியாக இருந்த வருஷங்களைப் பென்ஷன் கணக்கில் சேர்க்க முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். மனுஷன் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவுக்குப் போய்க் குதிரை வளர்த்தார். பிறகு, தெரிந்ததையெல்லாம் புத்தகமாக்கினார். ‘ஸ்பைகேட்சர்’ என்று பேர்.

பிரதமர் தாட்சரின் அரசாங்கத்துக்குக் கோபம் வந்தது. ஆயுசுக்கும் வாய் திறக்கக் கூடாதவர் புத்தகம் எழுதலாமா என்பது அவர்கள் வாதம். அதை அடியோடு தள்ளவும் எனக்கு மனமில்லை. ஆஸ்திரேலியாவில் புத்தகம் வராமல் தடுக்க வழக்குப் போட்டார்கள். அமைச்சரவைச் செயலாளர் ராபர்ட் ஆம்ஸ்ட்ராங்கையே 1986-இல் சிட்னிக்கு அனுப்பிச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் மால்கம் டர்ன்புல், அப்போது 32 வயது. பின்னாளில் ஆஸ்திரேலியப் பிரதமரானவர். “இதே சங்கதிகளை வைத்துச் சாப்மன் பின்சர் என்ற பத்திரிகைக்காரர் 1981-லேயே லண்டனில் புத்தகம் போட்டாரே, அப்போது எங்கே போனீர்கள்?” என்கிற தோரணையில் குடைந்தார். பெரிய அதிகாரி நெளிந்தார். பொய் சொல்லவில்லை, உண்மையில் கொஞ்சம் சிக்கனம் பிடித்தேன் என்கிற பாணியில் அவர் சொன்ன ஒரு பதிலை இங்கிலாந்துக்காரர்கள் இன்னமும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

1987 மார்ச்சில் அரசாங்கம் தோற்றது. ஜூலையில் அமெரிக்காவில் புத்தகம் வந்துவிட்டது. இங்கிலாந்தில் தடை நீடித்தது. அமெரிக்கா போய் வந்தவர்கள் பெட்டியில் ஒரு பிரதியோடு இறங்கினார்கள். எம்.பி. டோனி பென் ஹைட் பார்க்கில் நின்று ஊர் கேட்க வாசித்தார். ‘எகனாமிஸ்ட்’ பத்திரிகை மற்ற நாடுகளில் மதிப்புரையை வெளியிட்டுவிட்டு, பிரிட்டன் பதிப்பில் மட்டும் அந்தப் பக்கத்தை வெறுமையாக விட்டது. உலகமே படித்த பிறகு எதைப் பூட்டி வைப்பது? 1988 அக்டோபரில் பிரபுக்கள் சபை நீதிபதிகள் தடையை நீக்கினார்கள்.

இதையெல்லாம் படிக்கப் படிக்க எங்கள் ஆபீஸ் தலைமை எழுத்தர் ஞாபகம்தான் வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ‘மந்தணம்’ என்று சிவப்பு மையில் முத்திரை குத்திய கவரைக் கண்டாலே உடம்பு சிலிர்க்கும். உறைக்குள் உறை, மேலே அரக்குச் சீல். நாட்டின் உயிர்நாடியே அதற்குள் துடிப்பதாக நம்பினேன். அப்படிக் கவர் வந்த அன்றைக்கு வீட்டில் சாப்பிடும்போதுகூடக் குரலைத் தாழ்த்திப் பேசியதாக என் அம்மா கேலி செய்வாள்.

ஒரு நாள் ரெக்கார்டு ரூமில் பழைய கட்டுகளைக் கழிக்கிற வேலை வந்தது. எல்.டிஸ். ஒரு வருஷம், டி.டிஸ். பத்து வருஷம், ஆர்.டிஸ். என்றென்றைக்கும் வைத்திருக்க வேண்டியது என்று தரம் பிரித்துப் போட வேண்டும். அன்றைக்கு ஒரு மந்தணக் கட்டையும் அவிழ்க்க நேர்ந்தது. பூச்சி அரித்த நாடாவைத் தலைமை எழுத்தர் நிதானமாகப் பிரிக்க, நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே, எப்போதோ மாற்றலாகிப் போன ஓர் அதிகாரி போகாத ஊருக்குப் பயணப்படி வாங்கியது பற்றிய கடிதப் போக்குவரத்து. தலைமை எழுத்தர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுச் சொன்னார்: “இதுல நாட்டுக்கு என்ன தம்பி ஆபத்து? ஐயாவுக்குத்தான் ஆபத்து.”

நிஜமான ரகசியமும் உண்டு. படை நகர்வதும், உளவு சொன்னவன் பெயரும் வெளியே வந்தால் உயிர் போகும். ஆனால் இரண்டு வகைக்கும் ஒரே முத்திரைதான். குத்துகிறவர் பெரும்பாலும் அந்த ‘ஐயா’வே.

அதே தலைமை எழுத்தர் இன்னொன்றும் செய்வார். மேஜையில் எத்தனை அவசரக் கடிதம் கிடந்தாலும், ஓய்வு பெறப் போகிறவரின் பென்ஷன் பேப்பர்தான் முதலில் மேலே போகும். சேவைப் பதிவேட்டில் விட்டுப்போன மாதங்களைப் பழைய சம்பளப் பட்டியல்களில் விரல் வைத்துத் தேடிச் சேர்த்துக் கொடுப்பார். “போறவன் வயிறெரிஞ்சு போகக் கூடாதுப்பா” என்பார். ரைட்டின் கணக்கைப் பார்த்த மேஜையில் அப்படியொருத்தர் இருந்திருந்தால், அந்தப் புத்தகம் பிறந்திருக்குமா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

ரொம்ப வருஷம் கழித்து ‘ஸ்பைகேட்சர்’ ஒரு பழைய புத்தகக் கடையில் கிடைத்தபோது வாங்கிப் படித்தேன். பாதிக்கு மேல் ரேடியோ அலைவரிசையும் ஆபீஸ் பொறாமையும். தடை மட்டும் இல்லாவிட்டால், இத்தனை லட்சம் பேர் காசு கொடுத்து வாங்கியிருக்க மாட்டார்கள். 1956 முதல் 1965 வரை எம்.ஐ.5-இன் தலைவராக இருந்த ரோஜர் ஹாலிஸே சோவியத் கையாள் என்பதுதான் அதில் பெரிய வெடி. ஹாலிஸ் 1973-லேயே காலமாகிவிட்டார். எழுந்து வந்து மறுக்க முடியாது. பிற்பாடு எம்.ஐ.5 தன் கோப்புகளை ஒரு வரலாற்றாசிரியருக்குத் திறந்து விட்டு வரலாறு எழுதவைத்தது. 2009-இல் வந்த அந்த வரலாறு, ரைட்டின் சந்தேகத்துக்கு ஆதாரமில்லை என்றது. அந்தப் பதிலை 1987-லேயே சொல்லியிருக்கலாம். வாயை மூடச் சொன்னதால், ‘ஏதோ இருக்கப் போய்த்தானே மறைக்கிறார்கள்’ என்று செத்தவர் பேரில் பழி கூடியதுதான் மிச்சம்.

அமெரிக்காக்காரர்களுக்கும் புத்தி வந்ததாகத் தெரியவில்லை. 2010-இல் ஆப்கானிஸ்தான் பற்றி ஒரு ராணுவ உளவு அதிகாரி எழுதிய புத்தகத்தின் முதல் அச்சில் சுமார் 9,500 பிரதிகளைப் பென்டகன் தானே விலைக்கு வாங்கி அழித்தது. மதிப்புரைக்குப் போன சில பிரதிகள் வெளியே தங்கிவிட்டன. மறு அச்சில் எதையெல்லாம் கறுப்படித்தார்கள் என்று பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்க்க அவை வசதியாக இருந்தன.

நம் ஊரிலும் 2021-இல் ஒன்றிய அரசின் பென்ஷன் விதிகளைத் திருத்தினார்கள். உளவு, பாதுகாப்பு அமைப்புகளில் இருந்து ஓய்வு பெற்றவர், தான் வேலை பார்த்த அமைப்பைப் பற்றி முன் அனுமதி இல்லாமல் எழுதினால் பென்ஷனையே நிறுத்தலாம். அந்தச் செய்தியைப் படித்த வாரம் எங்கள் பென்ஷனர் சங்கக் கூட்டத்தில் இதைப் பேச்செடுத்தேன். அகவிலைப்படி நிலுவை எப்போது வரும் என்பதைத் தாண்டி யாரும் காது கொடுக்கவில்லை.