ஏரண்ட முனிவரும் ஏழு பரிமாணமும்

தஞ்சாவூர்ப் பழைய கலெக்டர் ஆபீஸ் கட்டடம் இப்போது மியூசியம். அங்கே 7டி படக்கொட்டகை ஒன்று வைத்திருக்கிறார்கள். நாற்காலி குலுங்கும், காற்று வீசும், முகத்தில் தண்ணீர் தெறிக்கும். "தாத்தா, நம்ம பக்கத்து ரிஷி யாரையாவது இதிலே காட்டினா என்ன?" என்றான் என் பேரன்.

ஏன், ஏரண்ட முனிவர் இல்லையா? கும்பகோணத்தை அடுத்த கொட்டையூரில் ஆமணக்குச் செடியடியில் தவம் இருந்தவர். ஏரண்டம் என்றாலே ஆமணக்குதான். காவிரி திருவலஞ்சுழியில் ஒரு பிலத்துக்குள் புகுந்து மறைந்து போயிற்றாம். அரசனோ முனிவனோ உள்ளே இறங்கினால்தான் மீளும் என்றது அசரீரி. சோழ ராஜா தயாரானான். முனிவர் முந்திக்கொண்டு குதித்துவிட்டார். காவிரி வலமாகச் சுழித்துக்கொண்டு மேலே வந்தாள் என்பது ஸ்தலபுராணம்.

கொட்டகைக்கு என்றே பிறந்த கதை! பிலத்தின் விளிம்பில் நம்மையே நிறுத்திவிடலாம். எட்டிப் பார்த்தால் தலை கிறுகிறுக்கும். குழந்தைகள் லேசில் மறக்கமாட்டார்கள். பேஷாகச் செய்யட்டும்.

ஆனால், குதித்ததைக் காட்டலாம். குதிக்கவைத்த தவிப்பை எப்படிக் காட்டுவது? மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-இல் திறக்கவேண்டும். 2024-இல் ஜூலை 28 ஆயிற்று. இடையில் 46 நாள். ஆற்று மணலையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த குடியானவனுக்கு முனிவரின் மனசு சொல்லாமலே விளங்கியிருக்கும்.

அதனால் ஒரு யோசனை. முதல் பத்து நிமிஷம் வெறும் மணலை மட்டும் காட்டுங்கள். டிக்கெட் வாங்கினவர்கள் முணுமுணுக்கட்டும். அதற்கப்புறம் தண்ணீரைத் தெளியுங்கள்.