என்ஜின் அலறியது, வள்ளம் நகரவில்லை!

கல்யாணமாகி, குமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர் ஒன்றுக்கு வந்தபோது எனக்குச் சமையலும் தையலும்தான் தெரியும். வள்ளத்து என்ஜினைப் பற்றி நான் எழுதப் போகிறேன் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்!

எங்களுடையது சின்ன ஃபைபர் வள்ளம். பின்பக்கம் 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு என்ஜின். போன வருஷம் ஒரு நாள், விடியற்காலையில் கடலுக்குப் போன என் கணவரும் கொழுந்தனும் வழக்கமான நேரத்துக்குத் திரும்பவில்லை. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கரையிலேயே நின்றேன். பதினொரு மணிக்கு மேல்தான் வள்ளம் ஊர்ந்து ஊர்ந்து வந்தது.

"வேகம் குடுத்தா என்ஜின் பைத்தியம் பிடிச்ச மாதிரி கத்துது. வள்ளம் மட்டும் நகர மாட்டேங்குது. ரொம்ப மெதுவா விட்டுத்தான் வந்து சேர்ந்தோம்" என்றார் அவர். முகம் வெளிறியிருந்தது. அலை உடையும் இடத்தில் வள்ளம் குறுக்கே திரும்பிவிட்டதாம். கேட்டதும் எனக்கு அடிவயிறு கலங்கியது.

மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "கார்புரேட்டரா இருக்கும். முழுசாப் பிரிக்கணும்" என்று ஒரு பெரிய தொகையைச் சொன்னார். என் இரண்டு வளையல்களும் அடகுக் கடைக்குப் போகத் தயாராயின.

அன்று சாயந்திரம் சட்னிக்குத் தேங்காய் அரைக்க உட்கார்ந்தேன். மிக்ஸி 'ஙொய்' என்று கத்தியது. உள்ளே பிளேடு சுற்றவில்லை. நமக்கெல்லாம் தெரிந்த கோளாறுதானே, கப்ளர் தேய்ந்துவிட்டது! அப்போதுதான் மனசில் பளிச்சென்று பட்டது.

"என்னங்க, உங்க என்ஜின்லயும் இப்படி ஒரு கப்ளர் உண்டா?" என்றேன். அவர் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை.

"உண்டு மக்களே! புரொப்பல்லருக்கு நடுவுல ரப்பர் புஷ் இருக்கு. எங்கேயாவது இடிச்சா உள்ளே பல்சக்கரம் உடையாம அதுதான் அடியைத் தாங்கும். போன மாசம் மணல் திட்டுல இடிச்சோமே!"

அந்த ரப்பர் பிடி விட்டுவிட்டால், மெதுவாக ஓட்டும்போது ஒட்டிக்கொண்டு சுற்றும். வேகம் கொடுத்தால் வழுக்கிவிடும். பாரம் இல்லாத என்ஜின் அலறும். ஆனால் உறுதி செய்வது எப்படி? என் சிவப்பு நெயில் பாலிஷை எடுத்துக் கொடுத்தேன். நடுக்குழாயிலிருந்து வெளி வளையம்வரை குறுக்காக ஒரே கோடு போட்டார் மாமா. மறுநாள் கரையோரத்து அமைதியான தண்ணீரில் சிறிது நேரம் ஓட்டிவிட்டுத் தூக்கிப் பார்த்தால், கோடு இரண்டு துண்டாக வெவ்வேறு இடத்தில் நின்றது!

புரொப்பல்லரை மட்டும் மாற்றினோம். வளையல்கள் கையிலேயே தங்கின.

அதன் பிறகு மாமாவிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். என்ஜினைத் தேவைக்கு மேல் உயரத்தில் மாட்டியிருந்தாலும், புரொப்பல்லர் காற்றை இழுத்துக்கொண்டு இப்படித்தான் வீணாகச் சுற்றுமாம். சில சின்ன என்ஜின்களில் ரப்பருக்குப் பதில் ஒரு பின் இருக்கும். அது முறிந்தாலும் இதே கதைதான்.

இன்னொரு வகை உண்டு. அது இதைவிட ஆபத்து. கைப்பிடியைக் குறைத்தாலும் வேகம் குறையாது. ஆக்ஸிலேட்டர் கேபிள் சிக்கியிருக்கலாம், ஸ்பிரிங் அறுந்திருக்கலாம், கார்புரேட்டர் கேஸ்கட் வழியாகக் காற்று புகுந்திருக்கலாம். அப்போது யோசிக்கவே கூடாது. என்ஜினை நிறுத்தும் சிவப்புக் கயிற்றை உடனே இழுக்க வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் சோக்கை முழுக்க இழுத்துக் காற்றை அடைக்க வேண்டும். 'என்னதான் கோளாறு' என்று கரையில் தண்ணீர் இல்லாமல் ஓட்டிப் பார்ப்பதும் கூடாது. குளிர்விக்கும் பம்பின் ரப்பர் கருகிவிடும்.

அந்தச் சிவப்புக் கயிற்றை அவர் முன்பெல்லாம் ஆணியில்தான் தொங்கவிடுவார். ஓட்டுகிறவர் தவறி விழுந்தால் என்ஜினை நிறுத்துவதே அதுதான்! இப்போது அவர் கிளம்பும்போது குழந்தைதான் அதை எடுத்து நீட்டுகிறாள். அவர் அதை மணிக்கட்டில் மாட்டிக்கொண்ட பிறகே நான் காபி டம்ளரைக் கொடுக்கிறேன்.

சகோதரிகளே, வீட்டு ஆண்களின் தொழில் நமக்கெதற்கு என்று இருந்துவிடாதீர்கள். கேள்வி கேளுங்கள். அடுக்களை அனுபவமும் சில சமயம் கடலுக்கு உதவும்!